மச்சானுக்குப் பற்ற வைத்த சிகரெட்

1

கனடாவில் சிகரெட்டை ஒரே நாளில் விட்ட தமிழன் நான் ஒருவன்தான். பேக்கரியில், கோயில் வாசலில், ரொக்ஸ்பரோ ரயில் மேடையில் என்று போகிற இடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவும் பொய். விடுவதற்கு முதலில் பிடித்திருக்க வேண்டும். விடலை வயதில் ஒரேயொரு இழுப்பு இழுத்து, கண் பிதுங்க இருமி, பக்கத்தில் நின்ற நண்பனின் புதுச் சாரத்தில் சத்தி எடுத்தேன். அதோடு என் புகைச் சரித்திரம் முடிந்துவிட்டது.

விட்டது என் மனைவி தவமலர். அவளும் ஒரே நாளில் விடவில்லை. இன்றைக்கும் விட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். வயிற்றில் ஆறு மாதம்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், பெண்பிள்ளை சிகரெட் பிடிக்கிறதா என்று வாயில் கை வைப்பீர்கள். கையை வைக்க முதல், உங்கள் ஒழுங்கையில் சுருட்டை நெருப்புப் பக்கம் வாய்க்குள் விட்டு இழுத்த பெரிய மனுசிகளை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். பிறகு வையுங்கள்.

நான் படித்தவன் இல்லை. எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தேன். இரண்டையும் கூட்டினால் பதினாறு வருகிறது, அது பட்டதாரிக் கணக்கு என்று தவமலரிடம் சொல்லித்தான் கலியாணம் கட்டினேன். அவள் சிரித்தாள். அப்போது அவள் சிரிப்பதற்கு வேறு ஆள் இருக்கவில்லை. அவளைச் சிரிக்க வைத்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன். அவர் செத்துப் பல வருடமாகியிருந்தது.

2

அண்ணனின் பெயர் குகன். நான் கண்ணால் காணாத மச்சான். எங்கள் வீட்டுச் சுவரில், டிவிக்கு மேலே, அரும்பு மீசையோடு படமாக இருக்கிறார். கடைக்குப் போய் வருகிறேன் என்று சைக்கிளில் போனவர்மேல், சந்தியில் வைத்து, ஷெல் விழுந்தது.

முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வீட்டில் படைத்தார்கள். செத்தவருக்கு எது விருப்பமோ அதை இலையில் வைப்பது எங்கள் வழக்கம். குகனுக்கு இறால் பொரியல் விருப்பம், பயத்தம் பணியாரம் விருப்பம், எல்லாவற்றையும் விட சிகரெட் விருப்பம். சிகரெட்டை மரக்கட்டை மாதிரிச் சும்மா வைத்தால் செத்தவர் எப்படிப் பிடிப்பார்? புகைந்துகொண்டிருக்க வேண்டும். ஊதுபத்தி மாதிரி நெருப்பைக் காட்டினால் அது பற்றாது. யாராவது வாயில் வைத்து இழுக்க வேண்டும். தகப்பன் அந்தப் பக்கமே வராமல் வேலியைப் பார்த்தபடி நின்றார். வேறு ஆண் துணை இல்லை.

மாமி தீப்பெட்டியை மகளிடம் நீட்டினா. "அவன் உன்னட்டத்தானே ஒளிச்சு வைக்கக் குடுக்கிறவன். நீயே பத்த வை பிள்ளை."

தவமலர் இழுத்தாள். அந்த முதல் இழுப்பில் அண்ணன் உடுத்த சேட்டின் மணம் வந்தது என்று எனக்குச் சொன்னாள்.

பிறகு ஒவ்வொரு திவசத்துக்கும் அவள்தான். மொன்றியலுக்கு வந்த பிறகு அமாவாசைக்கும் ஒன்று பற்ற வைத்தாள். பிறகு வெள்ளிக்கிழமைக்கும். தையல் ஃபக்டரியில் சூப்பர்வைசர் ஏசின நாளுக்கும் ஒன்று. கடைசியில் மச்சானுக்குத் தினமும் திவசம் வந்தது.

பல்கனியில் நின்று புகையை விட்டபடி அவரோடு கதைப்பாள். முதல் தரம் கண்டபோது, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்கிறாள் என்று நினைத்து நானும் சேட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கதவால் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை.

"ஆரோடயப்பா கதைக்கிறீர்?"

"அண்ணையோட," என்றாள், கறி வைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி.

பேயோடு கதைக்கிறவளைக் கட்டிவிட்டோமே என்று பயந்துதான் போனேன். பேந்து யோசித்தேன், எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவனோடு கதைப்பதை விட அது பரவாயில்லைத்தானே.

3

பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் சிகரெட் பெட்டியைத் தவமலரே நசுக்கி எறிந்தாள். நான்கு நாட்கள் கூடத் தாங்கவில்லை. எங்கள் மகள் ஆரணியைச் சும்மா சும்மா ஏசி, பிறகு அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆரணிக்கு ஒன்பது வயது.

இதைக் கேள்விப்பட்டு, ரொறன்ரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி ரமேஸ் ஒரு சாமான் கொண்டு வந்தான். பார்த்தால் சிகரெட் மாதிரி, ஆனால் உள்ளுக்குள் பற்றரி. போனுக்குப் போடுவது மாதிரிச் சார்ஜ் போட வேண்டும். இழுத்தால் நுனியில் சிவப்பு வெளிச்சம் வரும், வாயால் ஆவி வரும். நாங்கள் அதற்குக் கறண்ட் சிகரெட் என்று பெயர் வைத்தோம்.

"இதில நெருப்பும் இல்லை, புகையும் இல்லை அண்ணை," என்றான் ரமேஸ். "வெறும் ஆவி. புட்டுக் குழல்ல வாறது மாதிரி."

புட்டு என்றதும் நாங்கள் நம்பிவிட்டோம். புட்டு யாருக்காவது தீங்கு செய்திருக்கிறதா? தவமலர் பல்கனியை விட்டு வீட்டுக்குள் சோபாவில் இருந்தே இழுக்கத் தொடங்கினாள். எனக்கும் பெரிய நிம்மதி. வயிற்றுப் பிள்ளைக்கு ஆவி பிடித்தால் சளி கூட வராது என்று பகிடி விட்டேன்.

அடுத்த மாதம் கிளினிக்கில் செக்கப். ஹெயிட்டியிலிருந்து வந்த தாதி ஒருவர், எங்களைப் போலவே இந்த ஊருக்கு வந்து குளிரில் நடுங்கியவர். கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். தவமலருக்குப் பிரெஞ்சு குறைவு. என்னுடைய பிரெஞ்சு பேக்கரிக்குள் மட்டும் செல்லுபடியாகும்: மா, அடுப்பு, கெதியாச் செய், பிந்திவிட்டாய். என்றாலும் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

"மதாம் புகைப்பதுண்டா?" என்று தாதி கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "நோன், நோன். எங்கட நாட்டுப் பொம்பிளையள் அப்பிடியில்லை."

பக்கத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்த ஆரணி தலையைத் தூக்காமலே அழகான பிரெஞ்சில் சொன்னாள்: "அம்மா புகைக்கிறவர்தான். இப்ப வெளிச்சம் எரிகிற சிகரெட். அப்பா சொல்லுறார், அது புட்டு."

புட்டு என்றால் என்ன என்று தாதி என்னைக் கேட்டார். என் பிரெஞ்சில் புட்டை விளங்கப்படுத்தி முடிக்க, எனக்கு வியர்த்துக் கொட்டியது.

தாதி ஏசவில்லை. கதிரையை இழுத்துத் தவமலருக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்து, மெதுவாகச் சொன்னார். அந்த ஆவிக்குள்ளும் நிக்கொட்டின் இருக்கும், அது கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். அதற்குள் வேறு என்ன இருக்கிறதென்று தனக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. இதையும் விட வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். நான் பாதியைப் பிரெஞ்சில் விளங்கி, பாதியை முகத்தில் பார்த்து விளங்கித் தமிழில் சொன்னேன். தவமலரின் முழங்காலில் தாதியின் கை இருந்தது.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். இறங்குகிற இடம் வருவதற்குச் சற்று முன்னால் தவமலர் கேட்டாள்.

"அப்ப இந்த முறை அண்ணைக்கு ஆர் பத்த வைக்கிறது?"

4

இந்தக் கேள்வி ஏன் சின்னக் கேள்வி இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஆரணிக்குப் பிறகு ஒரு பிள்ளை உண்டாகித் தங்காமல் போனது. யாருடைய பிழையும் இல்லை, இப்படி நடப்பதுண்டு என்று டொக்டர் சொன்னார். காரணம் இல்லாத சாவை எங்கள் ஆட்கள் ஏற்றுக்கொள்வதில்லை. தவமலர் ஒன்றுக்கு இரண்டு காரணம் கண்டுபிடித்தாள். அந்த வருடம் சத்தியும் மயக்கமுமாகக் கிடந்ததால் திவசத்துக்குச் சிகரெட் பற்ற வைக்கவில்லை. அண்ணை வந்து பார்த்துவிட்டுப் பட்டினியோடு போனார், அதனால்தான் பிள்ளை போனது. இது ஒன்று. அதற்கு முந்திய மாதங்களில் தினமும் பிடித்தாளே, அதனால்தான் போனது. இது மற்றது.

இப்போது இரண்டும் அவளை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன. பற்ற வைத்தால் பிள்ளை போய்விடும். பற்ற வைக்காவிட்டாலும் பிள்ளை போய்விடும்.

கறண்ட் சிகரெட்டை என்னிடம் தந்துவிட்டாள். நான் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வேலைக்குக் கொண்டு போய்க் கொண்டு வந்தேன். அவள் கராம்பு சப்பினாள், தோடம்பழத் தோல் சப்பினாள், என்னைச் சப்பாததுதான் குறை. ஆனால் சிகரெட் பிடிக்கவில்லை.

பிடிக்காத வீட்டில்தான் மணம் வரத் தொடங்கியது. பகல் வேலை முடிந்து கதவைத் திறக்கிறேன், சிகரெட் மணம். கறண்ட் சிகரெட் மணமும் இல்லை, அதற்குப் பழ மணம். இது நெருப்பு வைத்த, கசந்த, உண்மையான சிகரெட். நான் ஒன்றும் சொல்லாமல் அவளுக்குப் பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சினேன்.

"என்னை மோந்து பாக்கிறியளோ?"

"இல்லையப்பா, தடிமன்."

"அது நானில்லை," என்றாள். கண்ணால் பல்கனிக் கதவைக் காட்டினாள். "அங்க நிக்கிறார். நான் போய்க் கதைக்கிறதில்லை எண்டு மனவருத்தம்."

திரைச்சீலையில் ஊறிய பழைய மணமாக இருக்கும் என்று சொன்னேன். கழற்றித் தோய்த்தேன். அடுத்த நாளும் மணத்தது. கீழ் வீட்டு மதாமைக் கேட்டேன், அந்த மனுசி சிகரெட்டைக் கண்டாலே காறுகிறவள். மேல் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். டிவி பார்க்கும்போது பல்கனிப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் இருக்கப் பழகினேன். கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது.

ஆரணி மட்டும் பயப்படவில்லை. ஒரு நாள் பாண் தின்றபடி கேட்டாள். "அப்பா, மாமா எப்பிடி இஞ்ச வந்தவர்? அவருக்குப் பாப்பியே இருக்கா?"

பாப்பியே என்றால் இங்கே அகதிகளுக்குக் கொடுக்கிற கடுதாசி. அது வருவதற்குள் எனக்கு அரைத் தலை நரைத்தது.

"செத்த ஆக்களுக்குப் பாப்பியே தேவையில்லை பிள்ளை."

"அப்ப நல்லம்," என்றாள். "அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தேவையில்லை."

தமிழில் அவள் சொல்கிற வசனங்கள் வரவரச் சுருங்குகின்றன. மாமாவைப் பற்றி மட்டும் தமிழில்தான் கேட்கிறாள். அவருக்கு வேறு மொழி தெரியாது என்று நினைக்கிறாள் போல.

5

திவசத்துக்குத் திதி பார்க்க டொலார்டில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போனேன். ஐயர் நாள் சொன்னார். சிகரெட் இல்லாமல் படைக்கலாமா என்று மெல்லக் கேட்டேன். ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிகரெட்டைப் பற்றிச் சாஸ்திரத்தில ஒண்டும் இல்லை. வைக்கச் சொல்லியும் இல்லை, வைக்காதை எண்டும் இல்லை." சாஸ்திரமும் கைவிட்ட பிறகு, நான்தான் பற்ற வைப்பது என்று முடிவாயிற்று.

பேக்கரியில் என்னோடு மாக் குழைக்கிற லூக் பெரிய புகைகாரன். அவனிடம் பழக்கிவிடச் சொன்னேன். சிகரெட்டை விட்டவன் என்று நான் அளந்ததை அவன் வருடக்கணக்காகக் கேட்டவன். மறுபடி தொடங்கப் போகிறாயா, பாவம், என்றான். பின்கதவுக்கு வெளியே பனியில் நின்று ஒன்று தந்தான். நான் இழுத்தேன். விழுங்காதே, அது சூப் இல்லை என்று கத்தினான். மாச் சாக்குகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நான் இருமிய இருமலில், முதலாளி எட்டிப் பார்த்து வீட்டுக்குப் போய்ப் படு என்று சொன்னார். இந்த வருடம் ஊரெல்லாம் பன்றிக் காய்ச்சல் பயம்.

திவசத்தன்று விடியத் தொடங்கித் தவமலர் சமைத்தாள். மத்தியானம் படத்துக்கு முன்னால் இலை போட்டு இறால், பணியாரம், சோறு, கறிகள் எல்லாம் வைத்தாள். பிறகு என்னிடம் கை நீட்டினாள்.

"அந்தக் கறண்ட் சிகரெட்டைத் தாங்கோ."

இவ்வளவு நாள் தாங்கியவள் இன்றைக்கு உடைந்துவிட்டாள் என்று நினைத்தேன். நகராமல் நின்றேன்.

"தாங்கோ எண்டால்."

கொடுத்தேன். அவள் அதை ஒருக்கால் விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள். பிறகு இலையில் பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதையும் அண்ணையே வைச்சிருக்கட்டும். எனக்கு இனி வேண்டாம். அவரும் இனிப் பிள்ளையைப் பாத்துக்கொள்ளட்டும்."

புகை அவளுக்குக் கூடாது என்பதால் அவளும் ஆரணியும் முதலில் வெளியே போனார்கள். நான் சிகரெட்டை வாயில் வைத்து நெருப்புக்குச்சி தட்டினேன். இழுத்தேன். இருமினேன். கண்ணீர் இலையில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நுனி சிவந்ததும் இலைக்குப் பக்கத்தில் வைத்த கோப்பை விளிம்பில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் செத்தவர் கூச்சப்பட்டுச் சாப்பிட மாட்டார். ஊரில் வெளியே என்றால் முற்றம். இங்கே அப்பார்ட்மெண்ட் கொரிடோர். மூன்று பேரும் காலில் செருப்பும் இல்லாமல், சாத்திய எங்கள் கதவைப் பார்த்தபடி வரிசையாக நின்றோம்.

எங்கள் மாடியில் இருக்கும் தோய்க்கிற அறையிலிருந்து உடுப்புக் கூடையோடு வந்த கீழ் வீட்டு மதாம் எங்களைக் கண்டு நின்றாள். கதவுத் திறப்புத் தொலைந்துவிட்டதா என்று கேட்டாள்.

"நோன் மதாம்," என்றாள் ஆரணி. "உள்ளே என் மாமா சாப்பிடுகிறார்."

"அப்படியா. அவரோடு நீங்கள் சாப்பிடவில்லையா?"

"அவர் செத்துப்போனவர்."

மதாம் கூடையை இறுக்கிப் பிடித்தாள். எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். தவமலரின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "போன் அப்பெற்றி," ருசித்துச் சாப்பிடுங்கள் என்று, அவருக்குச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நேரம் போனது. தவமலர் தலையை ஆட்டினாள். நான் கதவைத் தட்டினேன், நாங்கள் வருகிறோம் என்று அவருக்குத் தெரிவதற்காக. "நான் முதல்ல போய் யன்னலைத் திறக்கிறன். புகை போன பிறகு வாரும்," என்று உள்ளே போனேன்.

சிகரெட் அணைந்து கிடந்தது.

நுனியில் ஒரு துளி கறுப்பு, மற்றதெல்லாம் முழுசாக. என் இழுப்புக்கு அவ்வளவுதான் எரிந்திருக்கிறது. அவர் தொடவே இல்லை. படத்தைப் பார்த்தேன். படம் என்னைப் பார்த்தது.

கொரிடோரில் இருந்து தவமலர் கேட்டாள். "எரிஞ்சு முடிஞ்சுதோ?"

அந்தக் குரலை நான் ஆஸ்பத்திரியில் ஒரு தரம் கேட்டிருக்கிறேன். போன பிள்ளையைப் பற்றி டொக்டரிடம் கேட்டபோது.

"பொறும். யன்னல் இறுகிக் கிடக்குது," என்றேன்.

யன்னலைத் திறந்து, தலையை வெளியே விட்டு, சிகரெட்டைப் பற்ற வைத்தேன். இழுத்தேன். மறுபடி இழுத்தேன். பாதி வந்தது. அடிக்கட்டை வந்தது. சாம்பலை உதிராமல் கொண்டுவந்து கோப்பையில் வைத்து, கையைக் காற்சட்டையில் துடைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, நான் இருமவில்லை. ஒரு தரம் கூட இல்லை. கண் கலங்கவில்லை. தொண்டை எரியவில்லை. வருடக்கணக்காகப் பிடிக்கிறவன் மாதிரி, மூக்கால் கூடப் புகை விட்டிருக்கிறேன்.

தவமலர் வந்து சாம்பலைப் பார்த்தாள். நிலத்தில் இருந்துவிட்டாள். "ஆறுதலாப் பிடிச்சிருக்கிறார்," என்றாள், அழுதுகொண்டு, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு.

கறண்ட் சிகரெட்டை அவளே இலையோடு சுருட்டிக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். காகத்துக்கு வைத்த சோற்றைக் கடற்பறவை ஒன்று வந்து கொத்திக்கொண்டு போனது. இந்த ஊரில் அதுவும் காகம்தான் என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

6

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை. நீங்கள் வாசிப்பதைப் பற்றிப் பயமில்லை. நான் சொல்வதையே கேட்காதவள் நான் எழுதுவதையா வாசிக்கப் போகிறாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் மணம் வரவில்லை. தவமலர் பல்கனிக் கதவைப் பார்ப்பதில்லை. சாப்பிடுகிறாள், நித்திரை கொள்கிறாள். கிளினிக் தாதி இந்த மாதம் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பெரிதாகக் கேட்க வைத்து, நல்லது மதாம், நல்லது என்றார். அதை மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

நான்தான் பல்கனிக்குப் போகிறேன். வேலையால் வந்து, சப்பாத்துக் கழற்றாமல் நேரே அங்கே. கையில் ஒன்றும் இல்லை, சத்தியமாக. லூக் தந்தபோது கூட வேண்டாம் என்றேன். மார்கழிக் குளிருக்கு வாயைத் திறந்தாலே புகை வருகிறது, அது போதும். இருமாமல் பிடித்தது யார் என்று யாரிடமாவது கேட்க வேண்டும் அல்லவா. கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். ஆரணியின் பிரெஞ்சைச் சொன்னேன். முதலாளியைப் பற்றிச் சொன்னேன். அவளைச் சிரிக்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னேன், அது அவருக்குத் தெரிந்திருக்கும். இதையும் பல்கனியில் நின்றுதான் எழுதுகிறேன். பேனை உறைந்து உறைந்து எழுதுகிறது.

நேற்று ஒன்று நடந்தது. மச்சான், அண்டைக்கு இருமாமல் பிடிச்சது நீர்தானோ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அப்போது என் வாயிலிருந்து போன புகைக்குப் பக்கத்தில், தோளளவு உயரத்தில், இன்னொரு புகை

கதவு திறக்கிறது. தவமலர் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள்.

"குளிருக்க நிண்டது காணும்," என்கிறாள். "பிள்ளை உதைக்குது. ரெண்டு பேரும் உள்ள வாங்கோ."